பழைய மொனிட்டரும் பிரிண்டரும், புதிய கொம்பியூட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டது. அதற்குப் பிறகு என் சொந்தக்காரர், அயலவர்களில் முழு செட்டாகக் கொம்பியூட்டர் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம். பெட்டியை, அதாவது சிபியூவை, மட்டும் புதிதாக எடுக்கிறார்கள். மொனிட்டர், கீபோர்ட், பிரிண்டர் எல்லாம் வீட்டில் ஏற்கெனவே இருப்பவைதான். அது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பெட்டியைக் கொண்டுவந்து பின்பக்கத்தைத் திருப்பினால் பழைய கேபிளைச் செருக இடமே இருக்காது. அப்போது வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் எனக்கு அழைப்பு வரும். அந்த அழைப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த முனை எது என்று எனக்குத் தெரியாது. எப்படிப் பார்ப்பது?

மொனிட்டரின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நீல நிறத்தில், மூன்று வரிசையில் 15 துளைகளோடு, இரண்டு பக்கமும் திருகாணி வைத்து இறுக்குவது விஜிஏ. ஐபிஎம் நிறுவனம் 1987இல் கொண்டுவந்தது. வெள்ளை நிறத்தில் அகலமாக, நிறைய முள்ளும் ஒரு தட்டையான கீறும் உள்ளது டிவிஐ. இரண்டு கீழ் மூலையும் சரிந்த சிறிய முனை எச்டிஎம்ஐ. அதைப் போலவே இருந்து ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டது டிஸ்ப்ளேபோர்ட்.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. விஜிஏயில் போவது அனலொக் சிக்னல், அதாவது அலைபோல ஏறி இறங்கும் மின்னழுத்தம். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டிலும் போவது டிஜிட்டல், அதாவது 0, 1 என்ற எண்கள். டிவிஐ இரண்டையும் கொண்டுபோகலாம், ஒன்றை மட்டும் கொண்டுபோகலாம். அதைப் பிறகு சொல்கிறேன். முனை உள்ளே போய்ப் பொருந்திவிட்டது என்பதற்காகச் சிக்னலும் பொருந்தியது என்று ஆகாது. கடையில் காசை வீணாக்கிய எல்லாருமே, நானும் சேர்த்துத்தான், தவறியது இந்த இடத்தில்.

என் மொனிட்டரில் நீல முனை மட்டும்தான். புதிய பெட்டியில் எச்டிஎம்ஐ இருக்கிறது. என்ன வாங்க வேண்டும்?

முதலில் பெட்டியின் பின்பக்கத்தை இன்னொரு முறை வடிவாகப் பாருங்கள். விலை குறைந்த அலுவலக மதர்போர்டுகளில் (பெட்டிக்குள் எல்லாப் பாகமும் பொருந்தும் பெரிய பலகை) இன்றும் விஜிஏ முனை இருக்கிறது. சில நேரம் அதன்மேல் பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள். இன்னும் பெட்டி வாங்கவில்லை என்றால் இதைக் கேட்டு வாங்குங்கள், தலையிடியே இல்லை.

விஜிஏ இல்லை என்றால், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் அடப்டர் வேண்டும். அதற்குள் ஒரு சிறிய சிப் இருக்கிறது. அதுதான் டிஜிட்டலை அனலொக் ஆக்குகிறது. அந்த சிப் இயங்கக் கரண்ட் வேண்டும். எச்டிஎம்ஐ முனையிலிருந்தே 5 வோல்ட் கிடைக்கும் என்றாலும், அந்த முனை கட்டாயம் தரவேண்டிய அளவு 55 மில்லியம்பியர்தான். சில அடப்டர்களுக்கு அது போதாது. ஆகவே பக்கவாட்டில் தனியாக யூஎஸ்பி பவர் செருகும் துளை உள்ள அடப்டரை எடுங்கள். அதிலேயே ஹெட்போன் துளையும் இருந்தால் இன்னும் நல்லது, சத்தத்தையும் அங்கிருந்தே எடுக்கலாம்.

ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ என்று, நடுவில் எந்தப் பெட்டியும் இல்லாத வெறும் கேபிள்களும் விற்கிறார்கள். முனைக்குள்ளே சிப் ஒளிந்திருந்தால் வேலை செய்யும். வெறும் கம்பி மட்டும் என்றால் எந்தக் காலத்திலும் படம் வராது. வெளியே பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. கடையிலேயே ஒரு மொனிட்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் திசை. "எச்டிஎம்ஐ டு விஜிஏ" வேறு, "விஜிஏ டு எச்டிஎம்ஐ" வேறு. பின்னது பழைய கொம்பியூட்டரைப் புதிய டிவியில் போடுவதற்கு. அடப்டரின் உறையில் எழுதியிருப்பதில் முதலாவது கொம்பியூட்டர் பக்கம், இரண்டாவது மொனிட்டர் பக்கம் என்று வாசித்துப் பழகுங்கள்.

அடப்டர் போட்டாயிற்று. ஆனாலும் திரை கறுப்பாகவே இருக்கிறது.

பத்தில் ஐந்து வீட்டிலாவது, கேபிளைத் தவறான இடத்தில் செருகியிருந்ததைத்தான் கண்டிருக்கிறேன். பெட்டிக்குள் தனி கிராபிக்ஸ் கார்ட் (திரைக்குப் படம் அனுப்பும் அட்டை) இருந்தால் பின்பக்கத்தில் இரண்டு இடத்தில் எச்டிஎம்ஐ முனை தெரியும். மேலே நிலைக்குத்தாக இருப்பது மதர்போர்டின் முனை. கீழே கிடையாக இருப்பது கார்டின் முனை. கார்ட் இருக்கும்போது மதர்போர்ட் முனையில் பெரும்பாலும் படம் வராது. கேபிளைக் கீழே மாற்றுங்கள்.

மறுபக்கமும் உண்டு. கார்டே இல்லாத பெட்டியில் மதர்போர்ட் முனையிலிருந்து படம் வர வேண்டுமென்றால் புரொசசருக்குள் கிராபிக்ஸ் இருக்க வேண்டும். இன்டெல் புரொசசரின் பெயர் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து வந்தால் அதில் கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்டி ரைசன் 5600இல் இல்லை, 5600ஜியில் இருக்கிறது. 7000 வரிசையில் எஃப் இல்லாதவற்றில் இருக்கும். கார்டும் இல்லாமல், கிராபிக்ஸ் உள்ள புரொசசரும் இல்லாமல் பெட்டியைக் கட்டிக் கொடுத்திருந்தால் எந்த அடப்டரும் உதவாது. பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான்.

இரண்டும் சரி என்றால், மொனிட்டரின் முன்பக்கப் பொத்தானை அழுத்தி, எந்த முனையைப் பார்க்க வேண்டும் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு அடப்டருக்கு யூஎஸ்பி பவர் கொடுத்துப் பாருங்கள்.

படம் வருகிறது, ஆனால் நடுவில் "அவுட் ஒஃப் ரேஞ்ச்" என்று காட்டி அணைந்துவிடுகிறது.

மொனிட்டர் தன்னால் எவ்வளவு காட்ட முடியும் என்பதைக் கேபிள் வழியாகக் கொம்பியூட்டருக்குச் சொல்கிறது. விஜிஏயில் 12ஆம், 15ஆம் முள்கள் அதற்கானவை. மலிவான கேபிள்களில் சில முள்களுக்குக் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள். விவரம் கிடைக்காத கொம்பியூட்டர் தானாக ஒரு அளவை அனுப்புகிறது. 17 அங்குலப் பழைய மொனிட்டரால் அதைக் காட்ட முடிவதில்லை.

வீட்டு டிவியை எச்டிஎம்ஐயில் பொருத்தி, திரை அளவை 1024×768, 60 ஹேர்ட்ஸ் என்று குறைத்துவிட்டுப் பிறகு பழைய மொனிட்டரை மாட்டுங்கள். படம் வந்ததும் அதற்குரிய சரியான அளவை வையுங்கள். சதுரம் போலத் தெரியும் 17, 19 அங்குல எல்சிடிகளுக்குப் பெரும்பாலும் 1280×1024. நல்ல கேபிள் ஒன்று மாற்றினால் இந்தச் சிக்கல் அடியோடு போய்விடும்.

எழுத்துக்கள் மங்கலாக, நிழல் விழுந்தது போல இருக்கின்றன.

மேலே சொன்ன சரியான அளவை வைத்துவிட்டு, மொனிட்டரில் "ஓட்டோ" என்ற பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். எழுத்து நிறைந்த ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்து அழுத்தினால் நன்றாகச் சரிசெய்துகொள்ளும். நிழல் போகாவிட்டால் கேபிள் நீளம் காரணமாக இருக்கலாம். அனலொக் சிக்னலுக்கு 1.5 மீற்றர் கேபிளும் 10 மீற்றர் கேபிளும் ஒன்றல்ல.

டிவிஐ முனை உள்ள மொனிட்டருக்கு?

இது எளிது. எச்டிஎம்ஐயும், டிஜிட்டல் மட்டும் போகும் டிவிஐ-டியும் அனுப்பும் சிக்னல் ஒன்றே. எச்டிஎம்ஐ - டிவிஐ கேபிள் ஒன்று போதும், சிப் தேவையில்லை, எந்தத் திசையிலும் வேலை செய்யும். உங்கள் மொனிட்டரில் விஜிஏயும் டிவிஐயும் இரண்டும் இருந்தால் டிவிஐயைப் பாவியுங்கள். விலையும் குறைவு, எழுத்தும் கூர்மை. சத்தம் மட்டும் வராது. ஸ்பீக்கரைப் பெட்டியிலேயே செருகுங்கள்.

2560×1600 அளவுள்ள பெரிய 30 அங்குலப் பழைய மொனிட்டர் என்றால் கதை வேறு. அவற்றுக்கு இரட்டை இணைப்பு டிவிஐ வேண்டும். சாதாரணக் கேபிளில் 1920×1200க்கு மேல் போகாது. டிஸ்ப்ளேபோர்டிலிருந்து இரட்டை இணைப்பு டிவிஐக்கு மாற்றும், தனி பவருள்ள அடப்டர் இருக்கிறது, விலை கூட.

பழைய கிராபிக்ஸ் கார்டோடு வந்த டிவிஐ - விஜிஏ சிறுமுனை ஒன்று உங்கள் மேசை லாச்சியில் கிடக்கலாம். அது வெறும் முனைமாற்றி. டிவிஐ-ஐ என்ற வகையில் அனலொக்கும் சேர்ந்து வந்த காலத்துக்கு உரியது. என்விடியா 2016இல் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1080 போன்ற 10 வரிசைக் கார்டுகளிலிருந்து அந்த அனலொக் வரிகள் இல்லை.

என் மொனிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறது, பெட்டியில் எச்டிஎம்ஐ. கேபிள் போட்டேன், வரவில்லை.

எனக்கும் நடந்தது. அக்காவின் மகளுக்கு ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட நல்ல மொனிட்டர் ஒன்று கிடைத்தது. டிஸ்ப்ளேபோர்ட் - எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன். "இரண்டு பக்கமும் வேலை செய்யும், அண்ணா" என்று கடையில் சொன்னார்கள். நானும் நம்பினேன். பிள்ளை அன்று இரவு ஒன்லைன் வகுப்புக்குக் காத்திருந்தாள். திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை.

கொம்பியூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மொனிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ என்றால் அந்த மலிவுக் கேபிள் போதும். பெரும்பாலான டிஸ்ப்ளேபோர்ட் முனைகள் தேவைப்பட்டால் எச்டிஎம்ஐ வகைச் சிக்னலையும் அனுப்பும். எச்டிஎம்ஐ முனைக்கு டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல் அனுப்பத் தெரியாது. எதிர்த்திசைக்கு, யூஎஸ்பி பவர் வால் உள்ள மாற்றும் அடப்டர் தனியாக வேண்டும். அந்த மொனிட்டரில் டிவிஐயும் இருந்தது. மறுநாள் எச்டிஎம்ஐ - டிவிஐ கேபிள் போட்டு விஷயத்தை முடித்தேன். வேறு முனை இருக்கிறதா என்று முதலே பார்த்திருந்தால் அவளுடைய வகுப்பு தவறியிருக்காது.

பழைய மொனிட்டர் படம் காட்ட ஐந்து நிமிடம் எடுக்கிறது. எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். விளக்கு மினுக்கி மினுக்கி, சூடேறிய பிறகு படம் வருவது பெரும்பாலும் பவர் போர்டில் உள்ள கெப்பாசிற்றர் (மின்னைத் தேக்கும் சிறு பாகம்) வீங்கியதன் அறிகுறி. 2000களின் முற்பகுதியில் செய்யப்பட்ட பல கருவிகளில் தரமில்லாத கெப்பாசிற்றர்கள் போயிருந்தன. டிவி திருத்துகிற ஒருவர் அரை மணித்தியாலத்தில் இரண்டு மூன்றை மாற்றித் தந்துவிடுவார். கெப்பாசிற்றரின் விலை சொற்பம். கொடுப்பது அவருடைய கூலிதான். திரை சிவந்து மங்கியிருந்தால் அது பின்னாலுள்ள குழல் விளக்கு தேய்ந்தது. அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

பெட்டி போன்ற பழைய சிஆர்டி மொனிட்டரும் விஜிஏ அடப்டரில் வேலை செய்யும். ஆனால் மூடியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் தேங்கி நிற்கும். 60 ஹேர்ட்ஸில் கண் வலிக்கும். மொனிட்டர் தாங்கினால் 75 அல்லது 85 வையுங்கள்.

கேபிளைச் செருகும்போது கையில் சுரீர் என்கிறது. இது சாதாரணமா?

இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதியிருப்பேன்.

கொம்பியூட்டரின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டச் சிறிய கெப்பாசிற்றர்கள் இரண்டு இருக்கின்றன. அவை பெட்டியின் உலோக உடலோடு இணைந்தவை. எர்த் (நிலத்துக்குப் போகும் பாதுகாப்புக் கம்பி) இருந்தால், கசியும் அந்தச் சிறு கரண்ட் எர்த் வழியே போய்விடும். எர்த் இல்லாவிட்டால், 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி உடலில் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஒரு கருவிக்கு எர்த் இருந்து மற்றதற்கு இல்லாவிட்டால், கேபிளைச் செருகும் கணத்தில் அந்த வித்தியாசம் முழுதும் எச்டிஎம்ஐ முனை வழியாகப் பாயும். முனை எரிந்துபோன பெட்டிகளைக் கண்டிருக்கிறேன்.

கொழும்பு வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்றும் சொல்கிறேன். பழைய வீடுகளில் உருண்டை முள் 5 அம்பியர் பிளக் பொயின்ட்; புதிய வயரிங்கில் சதுர முள் 13 அம்பியர். பழைய மொனிட்டரின் கேபிளில் இரண்டு உருண்டை முள்; எர்த் பக்கவாட்டுத் தகட்டில். அதை 13 அம்பியர் துளைக்குள் போட, பேனாவால் மேல் துளையை அழுத்தித் திறந்து செருகிவிடுகிறோம். கரண்ட் வரும், எர்த் வராது. பேனா செருகுகிற பழக்கமே ஆபத்தானது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மொனிட்டருக்கும் பெட்டிக்கும் போகும் கேபிள்கள் பெரும்பாலும் ஒரே அளவு முனை உள்ளவை. சதுர முள்ளும் உள்ளே பியூஸும் உள்ள நல்ல கேபிளை வாங்கி மாற்றிவிடுங்கள். பெட்டி, மொனிட்டர், பிரிண்டர் மூன்றையும் ஒரே மல்டி பிளக்கில் போடுங்கள். அதற்குப் பிறகும் சுரீர் என்றால் வீட்டு எர்த்தையே எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பியுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், இரண்டும் வேறு.

மொனிட்டர் கேபிள், பிரிண்டர் கேபிள் எதைச் செருகினாலும் முதலில் எல்லாவற்றையும் சுவரில் அணையுங்கள்.

கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த பிரிண்டர். இங்கே போடலாமா?

பின்னால் ஒட்டியிருக்கும் லேபலைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் கேபிளை மட்டும் மாற்றினால் போதும். மொனிட்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நேரே போடாதீர்கள், புகைந்துவிடும். லேசர் பிரிண்டர்கள் அநேகமாக இந்த இரண்டாவது வகை. சூடாக்கும் பகுதி கரண்டை அதிகமாக இழுப்பதால் மிகப் பெரிய ட்ரான்ஸ்போமர் வேண்டும். அந்தக் காசுக்கு இங்கேயே ஒன்று வாங்கலாம்.

அதே காரணத்தால் எந்த லேசர் பிரிண்டரையும் யூபிஎஸ்ஸின் பின்னால் மாட்டாதீர்கள்.

ஊதா, பச்சை நிற உருண்டை முனை கீபோர்டும் மவுஸும் இருக்கின்றன.

இவை பிஎஸ்/2 வகை; ஊதா கீபோர்ட், பச்சை மவுஸ். சில புதிய மதர்போர்டுகளிலும் பாதி ஊதா, பாதி பச்சையாக ஒரு முனை இருக்கும். ஏதாவது ஒன்றைப் போடலாம். கொம்பியூட்டர் அணைந்திருக்கும்போது மட்டும் செருகுங்கள்.

முனை இல்லாவிட்டால் யூஎஸ்பிக்கு மாற்றும் வால் வேண்டும், இரண்டு உருண்டைத் துளை உள்ளது. பழைய மவுஸோடு வந்த பச்சைக் கட்டை இதற்கு உதவாது. அது யூஎஸ்பி மவுஸைப் பிஎஸ்/2 துளையில் போடுவதற்காக, அந்த மவுஸுக்கு மட்டும் செய்தது.

சாதாரணக் கீபோர்டுக்கு இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. ஆனால் தட்டச்சு நிலையம் நடத்திய ஒரு மாமியின் கீபோர்டை நான் இப்படி இணைத்துக் கொடுத்தேன். விசைகளில் தமிழ் எழுத்து ஒட்டியது, விரல் பழகியது. அவர் பாமினி எழுத்துருவில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். பாமினியோ யூனிகோடோ, எழுத்து எங்கே விழுகிறது என்பதைத் தீர்மானிப்பது மென்பொருள்தான். எந்தக் கீபோர்ட் என்பது அல்ல. ஆகவே புதிய பெட்டியிலும் அவருடைய வேகம் குறையவில்லை.

கடையில் பில் அடிக்கும் டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். புதிய பெட்டியில் அந்த அகலமான முனை இல்லை.

புறக்கோட்டைக் கடைகளில் இந்தப் பிரிண்டர் இன்னும் வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. கார்பன் பிரதி எடுக்க ஊசி தாளை அடிக்க வேண்டும். லேசரும் இங்க்ஜெட்டும் அதைச் செய்யாது. எனவே இதைக் காப்பாற்றுவது நியாயமான வேலை.

கொம்பியூட்டர் பக்கம் 25 முள், பிரிண்டர் பக்கம் கம்பி வளையத்தால் பூட்டும் 36 தொடுமுனை. இணைக்க இரண்டு வழி. முதலாவது, யூஎஸ்பியிலிருந்து பெரலல் முனைக்கு (அந்த அகலமான முனையின் பெயர்) மாற்றும் கேபிள். விண்டோஸ் மூலம் அச்சிடுகிற புதிய பில் மென்பொருள் என்றால் இது போதும். டிரைவர் (கருவியோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) தெரிவில் ஊசி எண்ணிக்கையைக் கவனியுங்கள். எப்சன் எல்எக்ஸ் வரிசை 9 ஊசி, எல்கியூ வரிசை 24 ஊசி. மாற்றிப் போட்டால் தாறுமாறான எழுத்து வரும்.

இரண்டாவது, மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் பொருத்தும் பெரலல் கார்ட். எல்பிடி 1 என்ற பெரலல் முனைக்கு நேரே அனுப்பும், விண்டோஸுக்கு முந்தைய டோஸ் காலத்து மென்பொருள் என்றால் நான் இதைத்தான் போடுவேன். யூஎஸ்பிக் கேபிள் உண்மையான எல்பிடி முனையாகத் தெரியாது. பிரிண்டரை அதே கொம்பியூட்டரில் ஷேர் பண்ணி, எல்பிடி 1ஐ அதற்குத் திருப்பிவிடலாம்தான். ஆனால் என் அனுபவத்தில், மாத முடிவில் கடை நிறைந்திருக்கும் நேரம் பார்த்து அது அறுந்துபோகும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் டோஸ் மென்பொருள் ஓடாது. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கோ 64 பிட் தவிர வேறு வடிவமே இல்லை. டோஸ்பொக்ஸ்-எக்ஸ் போன்ற, டோஸைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றுக்குள் வைத்து ஓட்டலாம், அதில் அச்சிடவும் வழி இருக்கிறது. கடையின் கணக்கு அதில் தங்கியிருக்கிறதென்றால் பழைய பெட்டியை உடனே விற்காதீர்கள். இரண்டையும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்.

தராசு, பார்கோட் ரீடர் போன்ற 9 முள் முனை உள்ளவை?

யூஎஸ்பி - சீரியல் கேபிள் வேண்டும். இதில் சிப் முக்கியம். எஃப்டிடிஐ சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சிஎச்340 மலிவு, பெரும்பாலான வேலைக்குப் போதும். பிஎல்2303இன் பழைய வகைகளும் போலிகளும் சந்தையில் நிறைய. புதிய டிரைவர் அவற்றை ஏற்காது, டிவைஸ் மெனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோட் 10 என்ற பிழையும் வரும். கேபிளை ஒவ்வொரு முறையும் அதே யூஎஸ்பி துளையில் செருகுங்கள், கொம் எண் (அந்த முனைக்கு விண்டோஸ் கொடுக்கும் எண்) மாறாமல் இருக்கும்.

யூஎஸ்பி பிரிண்டர், ஸ்கேனர்தான். கேபிளும் பொருந்துகிறது. ஆனால் விண்டோஸ் 11 அதை அறியவில்லை.

இங்கே குறை கேபிளில் இல்லை, டிரைவரில். 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் 64 பிட்டில் ஏறாது. நிறுவனம் புதிய டிரைவர் எழுதவில்லை என்றால் நல்ல நிலையில் உள்ள கருவியும் ஊமையாகிவிடும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். இரும்பும் கண்ணாடியும் இன்னும் பத்து வருடம் உழைக்கத் தயாராக இருக்கின்றன.

பிரிண்டருக்கு, அதே குடும்பத்தின் இன்னொரு மொடலின் டிரைவர் பல நேரம் வேலை செய்யும். எச்பி லேசர்ஜெட் 1010க்கு லேசர்ஜெட் 3055இன் பிசிஎல் 5 டிரைவரைப் போட்டு ஓட்டுவது பலர் அறிந்த வழி. ஸ்கேனருக்கு வியூஸ்கேன் என்ற கட்டண மென்பொருள் தன் சொந்த டிரைவர்களோடு வருகிறது. வாங்குவதற்கு முன் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் உபுண்டு என்ற இலவச லினக்ஸை ஒரு பென்டிரைவில் போட்டுத் தொடங்கிப் பாருங்கள். லினக்ஸில் சேன் என்ற தொகுப்பு பழைய ஸ்கேனர்கள் பலவற்றை இன்னும் அறியும்.

எதுவும் சரிவராவிட்டால் பழைய பெட்டியை ஸ்கேனருக்கென்றே வைத்திருங்கள், ஆனால் இணையத்தில் இணைக்காமல். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது.

பழைய யூஎஸ்பி கருவி நீல நிறத் துளையில் போட்டால் அடிக்கடி அறுந்துபோகிறது.

நீலம் யூஎஸ்பி 3.0, கறுப்பு பெரும்பாலும் பழைய 2.0. கறுப்புத் துளையில் போடுங்கள். அதுவும் போதாவிட்டால் நடுவில் ஒரு யூஎஸ்பி 2.0 ஹப் வையுங்கள்.

பழைய ஸ்பீக்கர், மைக் ஹெட்செட்?

ஸ்பீக்கர் பச்சைத் துளை, மைக் இளஞ்சிவப்பு. கைபேசிக்கு வந்த ஒற்றை முள் ஹெட்செட் என்றால் இரண்டாகப் பிரிக்கும் சிறு வால் வேண்டும். இல்லாவிட்டால் மைக் எடுபடாது. ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் மேலே எர்த் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாசியுங்கள்.

பழைய பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கில் கல்யாணப் படங்கள் இருக்கின்றன.

மெல்லிய எல் வடிவ முனை என்றால் அது சாட்டா. புதிய மதர்போர்டிலும் அதே முனைதான், நேரே மாட்டலாம். அகலமான 40 முள் ரிப்பன் என்றால் ஐடிஇ. அதற்கு யூஎஸ்பி அடப்டர், தனி 12 வோல்ட் பவரோடு வேண்டும். பின்னாலுள்ள சிறு ஜம்பரை (இரண்டு முள்களை இணைக்கும் மூடி) மாஸ்டர் என்ற இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் தெரியாமல் போகலாம். "ஃபோர்மட் செய்யவா" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்கிறவரிடம் கொண்டுபோங்கள். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பதுதான் படங்களை அழிக்கும்.

முனைகளில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது.

காலி வீதிக்குக் கடற்பக்கம் இருக்கும் வீடுகளில் இதை அடிக்கடி காண்கிறேன். உப்புக் காற்றில் செம்பு அரிக்கும். ஐசோபுரோப்பைல் அற்ககோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். பாவிக்காத கேபிளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

கொழும்பில் இவற்றை எங்கே வாங்குவது?

எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் அடப்டர்களுக்குப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா வசதி. ஒரே கட்டடத்தில் பல கடை, மொனிட்டர் போட்டுக் காட்டவும் தயங்க மாட்டார்கள். கேபிள், பிளக் போன்றவற்றுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. போகும்போது பெட்டியின் பின்பக்கத்தையும் மொனிட்டரின் பின்பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். "கொம்பியூட்டரில் இது, மொனிட்டரில் இது" என்று காட்டிக் கேளுங்கள். வேலை செய்யாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

எப்போது விட்டுவிடுவது?

அடப்டருக்கும் திருத்தத்துக்கும் சேர்ந்து, அதே அளவு பழைய மொனிட்டர் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன். சிஆர்டிக்கு இப்போது புதிதாகச் செலவழிக்க மாட்டேன். இட நெருக்கடியும் கரண்ட் பில்லும் அதற்கு ஈடுகொடுக்காது. ஆனால் அதைக் குப்பை வண்டியில் போடக்கூடாது. அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். பெட்டியையும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கை முதலில் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.